டிபெண்டன்சி பதிப்புகள்: திறந்து விடுவதா, பூட்டி வைப்பதா?

நேற்று ஓடிய பில்டு இன்று உடைகிறது, நம் கோடிலோ ஒரு வரிகூட மாறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிபெண்டன்சிகளைத்தான், அதாவது நம் கோடு நம்பியிருக்கும் பிறர் எழுதிய பேக்கேஜ்களை. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஒன்று, வரம்பு. தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ் கோப்பில் ^1.4.0 என்று எழுதி, லாக் கோப்பு (இன்ஸ்டால் ஆன பதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பு) இல்லாமல் விட்டால், 2.0.0-க்குக் கீழே புதிதாக வெளியாகும் எதுவும் அடுத்த இன்ஸ்டாலில் உள்ளே வரும். பக் திருத்தங்கள் தானாகக் கிடைக்கும், சரி. 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற லைப்ரரியை எழுதியவரே வேண்டுமென்று முடிவில்லாத லூப் ஒன்றைச் சேர்த்து வெளியிட்டார். இப்படித் திறந்து விட்டிருந்தவர்களுக்கு அதுவும் தானாகவே கிடைத்தது.

இரண்டாவது, ^ குறியை எடுத்துவிட்டு வெறும் 1.4.0 என்று எழுதுவது. பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் நீங்கள் நேரடியாகச் சேர்த்தவை மட்டும்தான் அசையாமல் நிற்கும், அவை இழுத்து வரும் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் வழக்கம்போல மாறிக்கொண்டே இருக்கும். மூன்றில் எனக்கு ஆகவே ஆகாதது இதுதான், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பை மட்டும் தருவதால்.

மூன்றாவது லாக் கோப்பு. 2016-இல் யார்ன் என்ற பேக்கேஜ் மேனேஜர் கொண்டுவந்தது, அடுத்த வருடமே இன்னொரு பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மின் 5-ஆம் பதிப்பிலும் வந்துவிட்டது. நேரடியாகச் சேர்த்தவை, அவை இழுத்து வருபவை என்று மொத்த மரத்தின் பதிப்புகளும் ஹாஷ்களும் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி) அதில் பதிவாகும். ஆனால் அதை, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் செய்ய வேண்டும் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் போடுகிறவர்கள் பூட்டை வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிறவர்கள்), அப்புறம் கோடைத் தானாகவே பில்டும் டெஸ்டும் செய்யும் சிஐ சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' அல்ல, 'என்பிஎம் சிஐ' ஓட வேண்டும். முன்னது பேக்கேஜ் கோப்போடு ஒத்துப்போகாத லாக்கைச் சத்தமில்லாமல் திருத்திவிடும், பின்னது பிழை காட்டி நின்றுவிடும்.

இதிலும் தொல்லை உண்டு. இருவரின் மாற்றங்கள் மோதி மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும், கையால் திருத்தாமல் மறுபடி இன்ஸ்டால் ஓட்டி உருவாக்கிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய தொல்லை, பழைய பாதுகாப்பு ஓட்டைகளும் சேர்ந்தே பூட்டப்படுவது. பதிப்புகளைத் தானாகவே ஏற்ற முன்வரும் டிபெண்டபாட் அல்லது ரெனவேட் வைத்துச் சின்னச் சின்ன புல் ரிக்வெஸ்ட்களாக (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) ஏற்றிக்கொண்டே வாருங்கள். டெஸ்ட் இல்லாத புராஜெக்ட்டில் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் மெர்ஜ் செய்ய வேண்டியிருக்கும்.

கோ மொழி வேறு பாதையில் போகிறது: எல்லாத் தேவைகளுக்கும் பொருந்தும் மிகக் குறைந்த பதிப்பையே எடுப்பதால், யாரும் கேட்காமல் புதியது நுழையாது.

மற்றவர்கள் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுகிறீர்களென்றால் கணக்கு மாறும். உங்கள் என்பிஎம் லாக் கோப்பு அவர்களிடம் போய்ச் சேராது, அங்கே வரம்புதான் சரி.