640 டாலர் போச்சு: படகு டிரெய்லர் தள்ள மோட்டார் டாலி வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், நான் எழுதாமல் விட்டால் அடுத்தவர் மாட்டிக்கொள்வார். இடுக்கான வீட்டு கராஜில் படகு டிரெய்லரை நுழைக்க அல்லாடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பதிவு. 640 டாலர் கொடுத்து வாங்கிய மோட்டார் டாலி, பல்சக்கரம் மழுங்கி மூலையில் கிடக்கிறது. விற்றவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அவருக்குக் கடை போட இடம் கொடுத்த ஆன்லைன் சந்தை, "உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பெயர் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம் என்கிற பெரிய ஆன்லைன் சந்தை, அதில் டிரெய்லர் சாமான்கள் விற்கும் ஒரு கடை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் என் கராஜைச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும். உள்நீளம் 6.1 மீட்டர். காரோடு மாட்டுகிற முன்கம்பியின் நுனியிலிருந்து பின்னால் படகின் மோட்டார் வரை டிரெய்லர் 6.4 மீட்டர். ஆனால் முன்கம்பியில் கீல் இருக்கிறது. ஊசியை உருவி மடக்கினால் 60 சென்டிமீட்டர் குறையும், அதனால் உள்ளே அடங்கிவிடும். கதவின் அகலம் 2.4 மீட்டர், டிரெய்லர் மட்கார்டுக்கு மட்கார்டு 2.1. பக்கத்துக்கு ஒரு சாண்கூட இல்லை. காரை வைத்துத் தள்ளலாம் என்றால் வீட்டுப் பாதை கராஜ் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வளைகிறது. காரும் டிரெய்லரும் நேர்க்கோட்டில் நிற்கவே முடியாது. வளைவு முடிந்ததும் ஓர் ஏற்றம். ஆகவே வளைவில் காரைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து கையால்தான் தள்ளியாக வேண்டும். படகு, அதன் பின்னால் மாட்டிய அவுட்போர்ட் மோட்டார், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 750 கிலோ. சமதளத்தில் இரண்டு பேர் தள்ளினால் நகரும். ஏற்றத்தில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆள் தேடி அலுத்துப்போய்த்தான் மோட்டார் டாலி பக்கம் போனேன்.

தெரியாதவர்களுக்கு: டாலி என்பது இரண்டு சக்கரம், மேலே ஒரு உருண்டை, பிடித்து நடக்க ஒரு கைப்பிடி. டிரெய்லரின் கப்ளரை, அதாவது முன்கம்பி நுனியில் இருக்கும் மாட்டுவாயை, அந்த உருண்டையில் மாட்டிவிட்டால், டாலி அதைத் தூக்கிக்கொண்டு நகரும். மோட்டார் வைத்ததில் பேட்டரியும் பல்சக்கரப் பெட்டியும் கூடுதல். பொத்தானை அழுத்தினால் தானே தள்ளும். இடுக்கான இடத்தில் டிரெய்லரின் மூக்கை அங்குலம் அங்குலமாகத் திருப்ப இது நல்ல சாதனம். சாதனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

விளம்பரத்தில் "1,600 கிலோ வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என்னுடையது அதில் பாதிகூட இல்லை. "எஃகுப் பல்சக்கரம்", "மோட்டாரை நிறுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், ஏற்றத்திலும் நழுவாது" என்றும் இருந்தது. கூடவே ஒரு வீடியோ: ஒரு பெண்மணி ஒரு கையால் என் படகைவிடப் பெரிய படகை ஒரு கொட்டகைக்குள் தள்ளுகிறார். வீடியோவை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. விற்பவருக்கு எழுதிக் கேட்டேன்.

அவர் பதில் எழுதிய விதம்தான் என்னை நம்பவைத்தது. "வாங்குங்கள், நன்றாக இருக்கும்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன். திருப்பிக் கேள்வி கேட்டார். கராஜ் ஆழம், கதவு அகலம், வளைவு எந்தப் பக்கம், தரை சிமெண்டா ஓடா, ஏற்றம் எவ்வளவு. நான் ரசமட்டமும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன்: ஒரு மீட்டர் நீளத்துக்கு 12 சென்டிமீட்டர் உயரம். புகைப்படங்களோடு எழுதி அனுப்பினேன். மறுநாள் ஒரு படமே வரைந்து அனுப்பினார். என் கராஜ், என் வளைவு, டிரெய்லர் எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சிவப்புக் கோட்டில் அம்புக்குறி. அடியில், "உங்கள் ஏற்றம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. என் வீட்டிலும் இதே டாலிதான்" என்று எழுதியிருந்தார். இவ்வளவு மெனக்கெடுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அன்று இரவே 640 டாலர் கட்டினேன், அந்தச் சந்தையின் வழியாகவே, முறையாக.

பெட்டி வந்தது. சமதளத்தில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே நகர்ந்தது. மனைவியே ஓட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை மச்சானை வரச்சொல்லி ஏற்றத்தில் வைத்தோம். பின்பக்கம் கராஜைப் பார்த்தபடி டிரெய்லர், கீழே முன்கம்பியில் டாலி, அதன் கைப்பிடியில் நான். டிரெய்லர் சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் கட்டையோடு மச்சான், நகர நகரக் கட்டையை ஏற்றிவைக்க. பொத்தானை அழுத்தினேன். டாலியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. சிமெண்டில் இரண்டு கருப்புத் தடம், ரப்பர் கருகிய வாடை, டிரெய்லர் அசையவில்லை.

விற்பவருக்கு வீடியோ அனுப்பினேன். உடனே பதில்: "முன்கம்பியில் எடை போதவில்லை. படகின் மூக்கில் இரண்டு மணல் மூட்டை வையுங்கள்." அந்த வரி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. வைத்தோம். இந்த முறை சக்கரம் பிடித்தது, டிரெய்லர் ஏறியது. பாதி ஏற்றத்தில் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம். மோட்டார் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. அடுத்த நொடி மொத்தப் பாரமும் என் பக்கம் திரும்பி வந்தது. "தானே பூட்டிக்கொள்ளும்" என்றார்களே, பல் போனபின் எது பூட்டும்? கைப்பிடி என் விலாவில் இடித்துத் தள்ளியது. மச்சான் வைத்த கட்டையில் சக்கரம் ஏறி நின்றது. அந்தக் கட்டை இல்லையென்றால் 750 கிலோவும் என்மேல் வந்திருக்கும். மனைவி கத்திய சத்தம் தெருவுக்கே கேட்டது.

மாலையில் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரு பக்கம் பற்கள் முழுசாக, மறுபக்கம் நகத்தால் தடவினால் வழவழவென்று ஒன்றுமே இல்லை. கிரீஸ் முழுக்க வெள்ளைத் துருவல். எஃகு என்று எழுதி விற்ற பொருள் இது.

இனி அவர்கள் சொன்ன சமாதானங்களைக் கேளுங்கள். முதலில், "பேட்டரி முழுதாக ஏறியிருக்காது." பல்சக்கரத்தின் படத்தை அனுப்பியபின், "உங்கள் டிரெய்லர் டயரில் காற்று குறைவாக இருந்திருக்கும்." காற்றழுத்த மானியின் படம் அனுப்பினேன். அப்புறம் வந்ததுதான் என்னைக் கொதிக்கவைத்தது: "உங்கள் பாதையின் சரிவு பரிந்துரைத்த அளவைவிட அதிகம். மேலும், மணல் மூட்டை வைத்து அதிகச் சுமை ஏற்றியதால் வாரண்டி செல்லாது." சரிவை அளந்து அனுப்பச் சொன்னவரும் அவர், பொருட்டே இல்லை என்றவரும் அவர், மூட்டை வைக்கச் சொன்னவரும் அவரேதான்! கையேட்டில் முன்கம்பி எடை, அதாவது முன்கம்பி டாலியின் மேல் அழுத்தும் பாரம், 270 கிலோ வரை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறார்கள். மூட்டையோடு சேர்த்து எனக்கு 100 கிலோகூட வராது. இதைச் சுட்டிக்காட்டியதும், "அடுத்த முறை வாங்கும்போது 45 டாலர் தள்ளுபடி தருகிறோம்" என்று ஒரு கூப்பன் அனுப்பினார். 640 டாலர் போன இடத்தில் 45 டாலர் கூப்பன், அதுவும் அவர் கடையிலேயே செலவழிக்க.

சந்தைக்காரர்களிடம் புகார் செய்தேன். அரட்டைப் பெட்டியில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர் "பொருளைத் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்" என்றார். நிம்மதியாக இருந்தது. எங்கே அனுப்புவது என்று கேட்டால் கடல் கடந்து ஒரு கிடங்கின் முகவரி, அனுப்பும் செலவு என்னுடையது. பெட்டி 38 கிலோ. விசாரித்தால் அனுப்பும் கூலியே பொருள் விலையில் பாதிக்கு மேல். விற்பவர் எழுதிய வரிகளையும், வரைந்த படத்தையும் இணைத்து அனுப்பினேன். "விற்பவர் பதிலளித்துவிட்டார், எனவே புகார் முடிக்கப்பட்டது" என்று வந்தது. அவர் என்ன பதில் அளித்தார் என்று அங்கே ஒருவரும் படிக்கவில்லை. கல்லில் நார் உரிக்கிற வேலை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. சமதளத்தில் காற்று நிறைந்த டயரில் நிற்கும் வண்டியை உருட்ட, அதன் எடையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு விசை போதும். 750 கிலோவுக்கு 15 கிலோ அளவுக்குத் தள்ளினால் நகரும். அதனால்தான் 1,600 கிலோ என்று அவர்களால் தைரியமாக எழுத முடிகிறது. மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் ஏற்றம் என்றால் எடையில் நூற்றுக்கு 12 பங்கு கூடுதலாகச் சேரும்: 90 கிலோ. சரி, டாலி அந்த 90 கிலோவை எங்கிருந்து தரும்? மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சக்கரத்தின் மேல் அமர்கிற எடையில் ஒரு பங்கைத்தான் ரப்பர் தரையில் பிடித்துத் தள்ள முடியும், அதுவும் தரை காய்ந்திருந்தால். என் முன்கம்பி எடை 50 கிலோ சொச்சம், டாலியின் எடை 38. இரண்டையும் கூட்டினாலே 90 பக்கம்தான் வருகிறது, பிடிப்பு அதிலும் குறைவு. பின்னால் மோட்டார் மாட்டிய படகுகளில் பாரம் பின்பக்கம் இருப்பதால் முன்கம்பியில் எடை குறைவாகவே இருக்கும். ஆக, படகு டிரெய்லருக்கு இந்தச் சாதனம் ஏற்றத்தில் திணறும் என்பது தொழில் தெரிந்தவனுக்கு நான் அளவு அனுப்பிய அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் படம் வரைந்து விற்றிருக்கிறார்.

மாற்று வழிகளையும், உள்ளே நிறுத்திப் பராமரிப்பதையும் விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும் சொல்கிறேன்.

எந்த டாலி வாங்கினாலும் "ஏற்றத்தில் எத்தனை கிலோ, எத்தனை சரிவுவரை" என்று எழுத்தில் வாங்குங்கள், அதுவும் விளம்பரப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முன்கம்பி எடையை நீங்களே பாருங்கள்: குளியலறை எடை மெஷினில் ஒரு பலகை வைத்து, முன்பக்க ஜாக்கியை அதன்மேல் இறக்கினால் தெரிந்துவிடும், ஜாக்கி கப்ளருக்கு ஒட்டினாற்போல் இருந்தால். பெட்டி வந்த அன்றே மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தைப் படமெடுங்கள். ஏற்றத்தில் யாரும் டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் நிற்கவேண்டாம், கைப்பிடி கீழே இருக்கிற டாலி என்றால் ஏற்றத்துக்கு அதை வாங்கவே வேண்டாம். கட்டை இல்லாமல் ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள். கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் போடுவதானால் சுவரிலோ கதவுச் சட்டத்திலோ மாட்டாமல் தரைக் கான்கிரீட்டில் அடித்து மாட்டுங்கள், இழுக்கும் நேரத்தில் கயிற்றின் நேர்க்கோட்டில் குழந்தைகள் வரக்கூடாது. உள்ளே நிறுத்தியபின் படகின் வடிகால் அடைப்பானைக் கழற்றி, தேங்கிய நீர் வடிய மூக்கை உயர்த்தி வையுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு படியும், அதனால் எரிவாயு வெந்நீர்க் கலன் இருக்கும் கராஜில் எரிபொருள் டேங்கோடு படகை விடாதீர்கள்.

பணம் கட்டிய கார்டின் வங்கியில் தகராறு பதிந்திருக்கிறேன். பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் படம், மணல் மூட்டை வைக்கச் சொன்ன வரி, சரிவு அளவை நான் எழுதி அனுப்பிய தேதி எல்லாம் கொடுத்தாயிற்று. இப்படி வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்னும் என்னென்ன ஆதாரம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். எனக்கு அந்த 640 டாலரும் முழுசாகத் திரும்ப வேண்டும்.