பாலிமர் சவ்வா, கார்பன் சவ்வா?

சிங்கப்பூரின் ஜூரோங் தீவு போன்ற தொழிற்பகுதியில் கரியமில வாயுவை மீத்தேனிலிருந்து பிரிக்க எந்தச் சவ்வு ஏற்றது? அவற்றின் மூலக்கூறுகளின் விட்டமோ முறையே 0.33, 0.38 நானோமீட்டர், வேறுபாடு அவ்வளவு சிறிது. பாலிஇமைடு பாலிமரைத் தலைமுடி போன்ற உள்ளீடற்ற இழைகளாக நூற்று, ஆயிரக்கணக்கில் ஓர் உருளைக்குள் அடுக்கலாம், விலையும் குறைவு. ஆனால் அழுத்தம் கூடும்போது அது கரியமில வாயுவை உறிஞ்சி உப்பிவிடுவதால், மீத்தேனும் கூடவே நழுவிவிடுகிறது. பாலிமர் சவ்வுகளில் வாயு ஊடுருவல் கூடினால் பிரிக்கும் திறன் குறையும் என்னும் எல்லைக்கோட்டை ஆய்வாளர் ராப்சன் 1991-இல் வரைந்து, 2008-இல் திருத்தினார்.

அதே இழையைக் காற்றுப்படாமல் 500 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கிடைக்கும் கார்பன் சவ்வு, விறைத்த நுண்துளைகளால் அந்தக் கோட்டையே தாண்டக்கூடியது. கையில் எடுத்தால் கருத்த, எளிதில் நொறுங்கும் இழை. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் நீராவி துளைகளில் தங்கி ஊடுருவலைக் குறைத்துவிடும். வாயுவை முன்கூட்டியே உலர்த்த வசதியிருந்தால், நான் கார்பனையே தேர்ந்தெடுப்பேன்.