பிரஷர் டையா, கிராவிட்டி டையா: சின்ன ஆர்டர்காரர்களின் கணக்கு

மோட்டார் என்ட் கவர், அதாவது மோட்டாரின் முனையை மூடிப் பேரிங்கைத் தாங்குகிற மூடி, ஒன்றை அலுமினியத்தில் வார்க்க வேண்டும். வருஷத்துக்கு 4,000 பீஸ் போகும், ஆனால் அதை ஒரேயடியாக வார்த்து அடுக்கி வைக்கக் கையில் பணமும் கிடையாது, குடோனில் இடமும் கிடையாது, ஆர்டர் வர வர 400, 500 என்றுதான் எடுக்க முடியும். கோயமுத்தூரில் மோட்டார், பம்ப், கிரைண்டர் என்று சிறிய அளவில் தொழில் செய்கிற பலருக்கும் இதே நிலைமைதான். டை (வார்ப்பதற்கான உலோக அச்சு) போடலாம் என்று போனால் எதிரே வருகிற முதல் கேள்வி, பிரஷரா கிராவிட்டியா? நான் கிராவிட்டி டைதான் போட்டேன், இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகவே இரண்டு தட்டையும் சமமாகப் பிடிக்கிற அலசலை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிரஷரில், உருகிய அலுமினியத்தை ஷாட் ஸ்லீவ் என்கிற குழாயில் ஊற்றியதும் பிளஞ்சர் என்கிற தண்டு தள்ளுகிறது, கண் இமைக்கிற நேரத்துக்குள் டை நிரம்பிவிடுகிறது, அப்புறம் சில நூறு பார் அழுத்தத்தில் இறுக்கிப் பிடிக்கிறது. கிராவிட்டியில் கரண்டியால் மொண்டு ஊற்றுகிறோம், உலோகம் தன் எடையிலேயே இறங்கி நிரம்புகிறது. பிரஷரில் 2 மி.மீ. சுவர் சாதாரணமாக வரும், மேற்பரப்பு வழவழவென்று இருக்கும், ஒரு பீஸ் ஒரு நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிடும். கிராவிட்டியில் 4 மி.மீ.க்குக் கீழே போனால் தலைவலி, பீஸுக்கு மூன்று நாலு நிமிஷமாவது ஆகும், ரைசரை, அதாவது உலோகம் சுருங்குவதை ஈடுகட்ட விடுகிற கூடுதல் பகுதியை, அறுத்தெடுக்கிற வேலை வேறு. வேகம், பினிஷ், பீஸ் விலை மூன்றிலும் பிரஷர்தான் ஜெயிக்கிறது, அதில் வாதத்துக்கே இடமில்லை.

பிரஷரின் பலவீனம் என்று உடனே சொல்லப்படுவது பிலோ ஹோல், அதாவது உள்ளே விழுகிற காற்று ஓட்டை. அவ்வளவு வேகத்தில் அடிக்கும்போது உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியேறாமல் உலோகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மேலே ஒரு மெல்லிய தோல் கெட்டியாக இருக்கும், பேரிங் உட்காரும் போரை லேத்தில் ஆழமாகக் கடைந்தால் அந்தத் தோல் போய் உள்ளே உள்ள ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். இதே காரணத்தால்தான் சாதாரணப் பிரஷர் பீஸை டி6 ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு (சூடேற்றிக் குளிர்வித்துப் பலம் கூட்டுவது) அனுப்ப முடியாது, சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொப்புளம் கிளம்பிவிடும். ஆனாலும் இதை நான் பெரிய காரணமாக எடுக்கவில்லை. மெஷினிங் அலவன்ஸை, அதாவது கடைவதற்காக விடுகிற கூடுதல் கனத்தை, குறைவாக வைத்து, கேட்டிங்கும் (உலோகம் நுழையும் வழி) ஓவர்ஃப்ளோவும் (காற்றோடு மிஞ்சுவது போகும் குழி) ஒழுங்காகப் போட்டால் என்ட் கவருக்குப் பிரஷரே தாராளமாகப் போதும். உங்கள் பைக்கையே பாருங்கள், கிராங்க் கேஸ் பெரும்பாலும் பிரஷரில் வந்ததுதான், பிஸ்டன் கிராவிட்டியில் வந்திருக்கும்.

மெட்டீரியலும் கிட்டத்தட்ட இதோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. பிரஷர் என்றால் நம் ஊரில் ஏடிசி12 என்கிற அலுமினியக் கலவை. சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம், செம்பு 1.5 முதல் 3.5 சதவீதம், இரும்பு 1.3 சதவீதம் வரை போகலாம். பெரும்பாலும் ஸ்கிராப்பை உருக்கிச் செய்கிற இன்காட் (உலோகக் கட்டி), அதனால் விலை குறைவு. இரும்பு இருப்பதில் பிரஷர்காரருக்கு ஒரு லாபமும் உண்டு, அலுமினியம் டையில் ஒட்டிக்கொள்வதை அது குறைக்கிறது. பீஸ் கொஞ்சம் நொறுங்குகிற குணத்தோடு வரும் என்பது அதற்கான விலை. கிராவிட்டிக்குப் போனால் எல்எம்6, எல்எம்25 என்று தேர்வு விரிகிறது. எல்எம்6-இல் செம்பு கிட்டத்தட்டக் கிடையாது, 0.1 சதவீதம்தான் உச்சம், ஆகவே ஈரத்தில் எளிதில் அரிக்காது, ஆனால் லேத்தில் டூல் முனையில் அப்பிக்கொண்டு எரிச்சலூட்டும். எல்எம்25-இல் சிலிக்கான் 7 சதவீத அளவில் இருக்கிறது, கொஞ்சம் மெக்னீசியமும் உண்டு, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு நன்றாக ஒத்துழைக்கும். கிணற்று மேட்டில் நனைந்து கிடக்கப் போகிற மோட்டார் என்பதால் நான் எல்எம்6 எடுத்தேன். எந்த இன்காட் என்று சொன்னாலும் பேச்சை நம்பாமல், எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டுகிற ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் கேளுங்கள், பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளிதான்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது டையின் பராமரிப்பு.

கொட்டேஷன் வாங்கிய எல்லோரும் ஒரு கணக்குப் போடுவார்கள். உதாரணத்துக்கு, பிரஷர் டை கிராவிட்டி டையைவிட 4 லட்சம் கூடுதல், பீஸுக்கு 40 ரூபாய் மிச்சம் என்றால், 10,000 பீஸில் கணக்கு சமமாகிவிடும். வருஷம் 4,000 பீஸ், ஆக இரண்டரை வருஷம், அதற்கு மேல் எல்லாம் லாபம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. சூடு தாங்குகிற எச்13 ஸ்டீலில் போட்டு ஹீட் ட்ரீட்மென்ட்டும் ஒழுங்காகச் செய்தால் அலுமினியத்துக்கு ஒரு லட்சம் ஷாட் (ஒரு தடவை அடிப்பது ஒரு ஷாட்) வரும் என்று டை செய்கிற டூல் ரூமில் சொல்வார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு லட்சம், டை மெஷினில் ஏறி ஒரே சீராக ஓடிக்கொண்டே இருப்பதை வைத்துச் சொல்லப்படுவது.

பிரஷர் டைக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 650 டிகிரிக்கு மேல் இருக்கிற உலோகம் அசுர வேகத்தில் வந்து ஸ்டீலின் முகத்தில் அறைகிறது. சில நொடிகளில் பீஸ் வெளியே போகிறது, உடனே தண்ணீர் கலந்த லூப்ரிகன்ட்டை ஸ்பிரே அடிக்கிறார்கள், காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. மேல் தோல் விரியப் பார்க்கும், அடியில் இருக்கிற ஸ்டீல் விடாது, அடுத்த நொடி மேல் தோல் சுருங்கப் பார்க்கும். ஒவ்வொரு ஷாட்டிலும் இப்படியே நடந்து ஒரு கட்டத்தில் மயிரிழை விரிசல்கள் வலை மாதிரி கிளம்புகின்றன, ஹீட் கிராக் என்பது இதைத்தான். அதற்குள் அலுமினியம் புகுந்து பீஸின் மேலெல்லாம் வரி வரியாக எழும்ப, பாலிஷ் போட வேண்டியிருக்கும், பிறகு வெல்டிங், பிறகு டைக்குள் பொருத்துகிற இன்சர்ட் துண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

டையின் சூடும் உலோகத்தின் சூடும் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்த அளவுக்கு அடி பலம். 200 டிகிரியில் நிலையாக ஓடும் டை தாங்கிக்கொள்ளும். குளிர்ந்து கிடந்த டையை ஏற்றி, பர்னரால் பேருக்கு ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு ஷாட் அடித்தால் அந்த முதல் சில ஷாட்டுகள் செய்கிற சேதம் தனி. பெரிய கம்பெனிக்காக டை ஏற்றினால் நாள் கணக்கில் இறக்க மாட்டார்கள், ஆயில் ஹீட்டர் வைத்து முறையாகச் சூடேற்றுவார்கள். நம் 400 பீஸுக்கு அதெல்லாம் நடக்குமா? இரண்டு பெரிய ஆர்டருக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் ஏற்றி, அடித்து, இறக்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மெஷின் நேரம்தான் அவர்களுக்குக் காசு. ஆனால் வருஷத்துக்குப் பத்து முறை டை இப்படிக் குளிரிலிருந்து கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் சூடேறுகிற வரை 25 பீஸ் ஸ்கிராப் என்று வைத்தால் 400-க்கு 6 சதவீதம், அதே 25 பீஸ் 10,000 பீஸ் ஓட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. சின்ன ஆர்டர்காரர் ஷாட்டை எண்ணுவதைவிட, டை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, இடைவெளியில் டை சும்மா கிடக்கிற காலம். கூலிங் லைனில் தண்ணீர் நின்று துரு பிடிக்கும், பீஸை வெளியே தள்ளுகிற எஜெக்டர் பின் இறுகும், பீஸில் ஓட்டை விடுகிற மெல்லிய கோர் பின் அடுத்த ஓட்டத்தில் வளையும் அல்லது முறியும்.

கிராவிட்டி டையில் அடி வாங்குவது ஸ்டீல் இல்லை, அதன் மேலே பூசுகிற கோட்டிங். டையை 300 டிகிரிக்கு மேல் சூடேற்றிவிட்டுத்தான் ஊற்றவே ஆரம்பிக்கிறோம், ஷாட்டுக்கு ஷாட் தண்ணீர் ஸ்பிரேயும் இல்லை. கோட்டிங் உரிந்தால் அந்த இடத்தில் மறுபடி அடித்துக்கொள்ளலாம், மொத்தமாகப் போனால் பிளாஸ்ட் செய்து (துகள் அடித்துச் சுத்தம் செய்து) புதிதாகப் பூசலாம், அரை நாள் வேலை. முனை தேய்ந்தால் பக்கத்துப் பட்டறையிலேயே வெல்டு வைத்துத் தேய்த்துக்கொள்கிறோம். வார்த்துக் கொடுக்கிற ஆளை மாற்றுவதும் சுலபம். குட்டி யானையில் ஏற்றி அடுத்த ஷெட்டில் இறக்கினால் அநேகமாக அப்படியே ஓடும். பிரஷர் டை அப்படியில்லை, அது ஒரு குறிப்பிட்ட மெஷினின் டன் (டையை மூடிப் பிடிக்கிற பலம்), டை பார் எனப்படும் மெஷின் தண்டுகளின் இடைவெளி, ஷாட் ஸ்லீவ் அளவு எல்லாவற்றோடும் கட்டப்பட்டது. வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனால் முதலில் டூல் ரூமுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கிராவிட்டியில் நொந்துகொள்ள வேண்டியது ஊற்றுகிற ஆள். நல்ல கை வேலைக்கு வராத நாளில் பாதி நிரம்பிய பீஸும் சுருங்கிய பீஸும் கூடும். கோட்டிங்கின் கனம் மாறினால் அளவும் லேசாக மாறும், அதனால் மெஷினிங் அலவன்ஸை ஒன்றரை, இரண்டு மி.மீ. வைக்க வேண்டும், அந்த அலுமினியமெல்லாம் லேத்துக்கடியில் சுருளாகக் கிடக்கும்.

துத்தநாகம், அதாவது ஸமாக், பற்றியும் கேட்பார்கள். அதை நான் ஒரு சின்னக் கைப்பிடிக்கு மட்டும்தான் போட்டேன், அதனால் இதை அரைகுறை அனுபவமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உருகுகிற சூடு 400 டிகிரிக்கும் கீழே என்பதால் டை பல மடங்கு உழைக்கும், குரோம் பூச்சும் அருமையாகப் பிடிக்கும். ஆனால் அடர்த்தி 6.6, அலுமினியத்துக்கு 2.7 தான். 100 டிகிரியை நெருங்கினால் பாரத்தில் மெல்ல மெல்ல நெளியவும் செய்யும். மோட்டார் பக்கத்தில் அது வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் கிராவிட்டி என்றும் சொல்ல மாட்டேன். எங்களுடைய ஃபேன் கவர் மெல்லிசு, பேரிங் கிடையாது, மூன்று மாடலுக்கும் ஒரே அளவு, எடுத்தால் ஆயிரக்கணக்கில்தான் எடுப்போம். அதைப் பிரஷரில்தான் ஏடிசி12-இல் அடிக்கிறோம், ஆர்டரைச் சேர்த்து வைத்து வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் டையை ஏற்றச் சொல்கிறோம். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கடைசி ஷாட் பீஸை டையோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்லிவிடுவோம், அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்னால் டையில் எங்கே வேலை இருக்கிறது என்பதை அந்தப் பீஸைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.