காபன் நனோகுழாய் எப்பொக்சி: பைபர் வள்ளம் திருத்த வாங்கலாமா?

குருநகரிலும் மயிலிட்டியிலும் கரையேற்றிக் கிடக்கும் பைபர் வள்ளங்களில் அடிக்கடி வெடிக்கும் இடம், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டும் பின்பலகை. ஓயாத அதிர்வில் கண்ணாடிநார்ப் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழரும்; இடையில் உப்புத்தண்ணி இறங்கும். அந்தத் திருத்தத்துக்கு ஏற்றதா என்று பார்க்க எடுத்தது, பல்சுவர்க் காபன் நனோகுழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகச் சுவர் அடுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய காபன் குழாய்) நிறைப்படி 0.5 வீதம் முன்கூட்டியே கலந்து வரும் கறுப்பு எப்பொக்சி றெசின். றெசினை இறுகவைக்கும் காட்னர் தனி டின்னில்.

மலிவாகக் கிடைக்கிறதென்று குழாயைத் தூளாக வாங்கிக் கலக்க நினைக்க வேண்டாம். ஒரு குழாயின் தடிப்பு ஏறத்தாழ 10 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு 250 சதுர மீற்றரையும் தாண்டும். அதனால் ஒன்றோடொன்று கட்டிபட்டுக்கொள்ளும். ட்ரில்லில் துடுப்பு மாட்டிச் சுற்றினால் அந்தக் கட்டி உடையாது. மூன்று உருளைகளுக்கிடையில் நசுக்கி அரைக்கும் ஆலை வேண்டும். உடையாத கட்டிதான் பிறகு வெடிப்புத் தொடங்கும் இடம். டின்னில் வந்ததையும் சோதியுங்கள்: ஒரு துளியை இரண்டு கண்ணாடித் துண்டுக்கிடையில் நசுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே சீரான சாம்பல் நிறம் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

உருக்கைவிட எத்தனையோ மடங்கு பலம் என்ற விளம்பரம் தனிக் குழாயைப் பற்றியது. 2000ஆம் ஆண்டுச் சோதனையில் தனிக் குழாய்களின் இழுவை உறுதி 11 முதல் 63 கிகாபஸ்கால் வரை வந்தது உண்மை. றெசினுக்குள் அந்த எண் வராது. நெடுக்குச் சுமையைத் தாங்குவது அப்போதும் கண்ணாடிநார்தான். பலன் படைகளுக்கு இடையில். 2005இல் ஹம்பேர்க் ஆய்வாளர்கள் 0.3 வீதம் சேர்த்தபோது படையிடை வெட்டுறுதி (படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கழராமல் தாங்கும் பலம்) 20 வீதமளவில் கூடியது. அவர்கள் சேர்த்ததோ றெசினோடு பிணையும் அமினோ தொகுதி ஏற்றிய இரட்டைச்சுவர்க் குழாய். டின்னில் இருப்பது வெறும் பல்சுவர்க் குழாய் என்றால் அதே பலனை எதிர்பார்க்காதீர்கள்.

வேலைக்கு 0.25 வீதம் போதும். அதே வகைச் சாதா எப்பொக்சியைச் சம நிறையில் சேர்த்து மெதுவாகக் கலந்து, காட்னரை மொத்த றெசின் நிறைக்குக் கணக்கிட்டு இலத்திரனியல் தராசில் நிறுங்கள். கண்ணளவு சரிவராது. வெப்பம் 10 பாகை கூடினால் கலவை இறுகாமல் தாங்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், கலந்ததை அகன்ற தட்டில் ஊற்றிவிடுங்கள். பசை தடிப்பாக இருக்கிறதென்று தின்னர் விடவே கூடாது.

இதன் பெரிய குறை நிறம்தான். சாதா றெசினில் நனையாத நார் வெள்ளையாகத் தெரியும், காற்றுக் குமிழும் தெரியும். இதில் இரண்டும் மறைந்துவிடும். ஆகவே நாரைச் சாதா எப்பொக்சியில் நனைத்துக்கொண்டு, கறுப்பைப் பழைய படைக்கும் புதிய படைக்கும் நடுவில் மெல்லப் பூசுவதே நல்லது. வள்ளம் முழுக்கக் கறுப்பில் செய்வது காசுக்கும் கேடு, வேலைக்கும் கேடு.

அதற்கு முன் வெடிப்பைத் தேய்த்துத் தடிப்பின் 12 மடங்கு நீளத்துக்குச் சரித்து, நல்ல தண்ணியில் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். மாரியில் இந்த வேலை சரிவராது. வழமையான வெட்டுநார் மற் (வெட்டிய நாரை ஒட்டிச் செய்த விரிப்பு) எடுக்காதீர்கள்; அதன் பிணைப்புப் பசை பொலியெஸ்டர் றெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எப்பொக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் மற் விறைத்தபடியே நிற்கும். நெய்த துணி அல்லது தைத்த துணி எடுங்கள். பழைய பொலியெஸ்டர்மேல் எப்பொக்சி ஒட்டும். எப்பொக்சிமேல் பொலியெஸ்டர் ஜெல்கோட் (வள்ளத்தின் வெளிப்பூச்சு) ஒழுங்காக ஒட்டாது. ஈரக்காற்றில் இறுகிய மேற்பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் வந்தால் தண்ணி விட்டு உரஞ்சிய பிறகே அடுத்த படை. கடைசியில் வெள்ளை நிறப் பொலியுரேத்தேன் பெயின்ற் அவசியம், கறுப்பு வெயிலை உறிஞ்சி எப்பொக்சியை இளக்கிவிடும்.

காபன் மின்கடத்தி, உப்புத்தண்ணியில் அலுமினியத்தைத் தொட்டால் அரிப்பது அலுமினியம். இயந்திரத்தின் அலுமினியப் பிடிக்கும் கறுப்புப் படைக்கும் நடுவில் சாதா கண்ணாடிநார்ப் படை ஒன்றாவது இருக்கட்டும். இதே மின்கடத்தலைப் பயன்படுத்தி, வெடிப்பு ஓடும்போது மின்தடை ஏறுவதை அளக்கலாம் என்று 2006இல் டெலவெயார் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். உள்ளே மறைந்த படைப்பிளவை முன்கூட்டியே அறியும் ஆய்வுகள் அந்த வழியில் நடக்கின்றன. வாடிக்கு அது இன்னும் வரவில்லை. ஈரமும் வெப்பமும்கூட அளவை அசைக்கும்.

இறுகியதை உலரத் தேய்க்காதீர்கள். நீர் அரத்தாள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, துகள் முகமூடி மூன்றும் வேண்டும். பல்சுவர்க் குழாயில் ஒரு வகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் காற்று எல்லை ஒரு கனமீற்றருக்கு 1 மைக்ரோகிராம் மட்டும். கழுவிய தண்ணியைக் கடலில் ஊற்றாமல் துணியில் வடித்து, சேறை இறுகிய கழிவோடு கட்டி ஒதுக்குங்கள்.