அப்புச்சிக்கு நாடி 36

துபாயிலிருந்து மூன்று வார விடுப்பில் கோபிசெட்டிபாளையத்துக்கு வந்திருந்தேன். நான்காம் நாள், மாட்டுக்குச் சோளத்தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கண்ணிருண்டு சாய்ந்துவிட்டார். வயது 78. "ஒண்ணுமில்ல கண்ணு, பித்தக் கிறுகிறுப்பு" என்றார். போன மாதமும் இப்படித்தானாம். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஈசிஜி எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

108-ல் வந்த தம்பி கையைப் பிடித்ததுமே முகம் மாறினார். நிமிடத்துக்கு 36. நேராகக் கோவைக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் அப்புச்சியிடமே பேசினார். "தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி வுட்டும் கடைமடைக்கு வந்து சேரலீன்னா பயிர் என்னாகுங்கய்யா? அதுதானுங்க இது." இதயத்தின் மேலறையில் மின்துடிப்பு ஒழுங்காகத்தான் பிறக்கிறது, கீழறைக்கு இறங்கும் வழி முழுக்க அடைத்துவிட்டது. கீழறை தன் போக்கில் மெதுவாகத் துடிக்க, மூளைக்கு ரத்தம் பற்றவில்லை. பிரஷர் மாத்திரை சிலதும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதும் நாடியைக் குறைக்கும் என்பதால் முதலில் அதையெல்லாம் பார்த்தார்கள். அப்படி ஏதாவது இருந்திருந்தால் அதைச் சரிசெய்தாலே போதுமாம். நாடி குறைவு என்பதற்காக எல்லாருக்கும் பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கத் தூண்டும் கருவி) வைப்பதில்லை. ஓட்டப்பந்தய வீரர்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். அப்புச்சிக்கு வேறு வழியில்லை.

மறுநாள் இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் தீப்பெட்டியளவு கருவியை வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு ஒயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. இதயம் தானாகத் துடித்தால் கருவி சும்மா கவனித்துக்கொண்டிருக்கும். தாமதித்தால் மட்டும் ஒரு தட்டு தட்டும். பேட்டரி சுமார் 10 வருடம் வரும். அப்புறம் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். ஒயர் நன்றாக இருந்தால் அதுவே போதும்.

சிகிச்சையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் டிஸ்சார்ஜ் காகிதம் முழுக்க ஆங்கிலம். கருவியின் அடையாள அட்டையைக்கூட நாங்கள் கேட்ட பிறகே தந்தார்கள். ஏர்போர்ட்டிலும், ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் முதலில் காட்ட வேண்டியது அதுதான். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, செல்போன் கருவிக்கு ஒரு சாணாவது தள்ளி இருக்கணும், வெல்டிங் பட்டறைப் பக்கம் போகக் கூடாது என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அப்புச்சியின் சட்டைகளுக்கெல்லாம் இடப்பக்கம்தான் பை. நான் கிளம்புவதற்குள் டெய்லரிடம் கொடுத்து நாலு சட்டைக்கும் வலப்பக்கம் மாற்றி வாங்கி வந்தேன்.