ஸ்க்ரூடிரைவர் பிடிப்பவருக்கு எம்பிசி 2000எக்ஸ்எல், மற்றவர்களுக்கு 404

ஹிப்-ஹாப் பீட் செய்ய ஒரு லேப்டாப் போதும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். பகல் முழுக்க ஆபீஸில் திரையைப் பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்தும் மவுஸைப் பிடிக்க மனசு வராதவர்களுக்குத்தான் இந்த அலசல். கையால் தட்டி வாசிக்கும் ஒரு பெட்டி வேண்டும், எதை வாங்கலாம் என்பதுதான் கேள்வி.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, 808 வம்சத்து டிரம் மெஷின். இரண்டு, ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 என்ற புது சாம்ப்ளர், அதாவது ஒலித் துண்டுகளைப் பதிந்து, தட்டினால் திருப்பி ஒலிக்கும் பெட்டி. மூன்று, அக்காய் எம்பிசி 2000எக்ஸ்எல் என்ற, இருபது வயதைத் தாண்டிய சாம்ப்ளர். நான் வாங்கியது மூன்றாவதை. அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

டிரம் மெஷினை முதலில் முடித்துவிடலாம். ரோலண்ட் டிஆர்-808 விற்பனையில் இருந்தது 1980 முதல் 1983 வரைதான், மொத்தம் சுமார் 12,000 பெட்டிகள். அதற்குள் பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது, எல்லாச் சத்தத்தையும் சர்க்யூட்டே உண்டாக்கும். ஹை-ஹாட், சிம்பல் என்ற தட்டு ஒலிகள், அலை எழுப்பும் ஆறு ஆசிலேட்டர் சர்க்யூட்டுகள் ஒன்றோடொன்று மோதும் இரைச்சலில் இருந்து வருபவை. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று அன்றைக்குப் பலர் ஒதுக்கினார்கள். விலை சரிந்ததும் அது நியூயார்க் பையன்கள் கைக்கு எட்டியது. அடிவயிற்றில் இறங்கும் அந்த நீளமான கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, இன்றுவரை ராப் இசையை விட்டுப் போகவில்லை. உற்பத்தியை நிறுத்தியதற்குச் சொல்லப்படும் காரணமும் சுவையானது. அந்தச் சீறல் ஒலிக்காகத் தரத்தில் தேறாத டிரான்சிஸ்டர்களைப் பொறுக்கி எடுத்துப் போட்டார்களாம். டிரான்சிஸ்டர் செய்யும் தொழில்நுட்பம் முன்னேறியதும் அந்தக் கழிவு கிடைக்காமல் போய்விட்டது.

இன்று அதே ஒலி வேண்டுமென்றால் ரோலண்டின் சின்ன டிஆர்-08 இருக்கிறது, பெரிய டிஆர்-8எஸ் இருக்கிறது, பெரிங்கரின் ஆர்டி-8 இருக்கிறது. ஆனால் 808 கிக்கை ஒரு முறை சாம்ப்ளருக்குள் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. எம்பிசியில் '16 லெவல்ஸ்' என்ற பட்டனை அழுத்தி டியூனிங்கைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரே கிக், பேடுகள் எனப்படும் விரலால் தட்டும் பதினாறு ரப்பர் சதுரங்களிலும் பதினாறு சுருதியில் பரவிவிடும், பேஸ் லைனே வாசித்துவிடலாம். வாசிக்கும்போதே, ஒலி எவ்வளவு நேரத்தில் மங்க வேண்டும் என்பதை மாற்றும் டிகே குமிழைத் திருகி கிக்கை நீட்டிக் குறைக்கும் சுகம் மட்டும் இதில் வராது. அது முக்கியம் என்பவர்கள் டிரம் மெஷினே வாங்குங்கள். பழைய ரெக்கார்டில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு 808 உதவாது.

ஹிப்-ஹாப்பின் வேரே அந்த வெட்டில்தான் இருக்கிறது. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்து, பாட்டில் டிரம் மட்டும் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டினார். அதைப் பெட்டிக்குள் பிடித்துப் போட்டதுதான் சாம்ப்ளர். இதில் பெரிய தெய்வம் 1987-இல் வந்த ஈ-மு எஸ்பி-1200. 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் என்ற குறைந்த ஒலித்தரம், மொத்தம் 10 வினாடி நினைவகம், ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் இரண்டரை வினாடி. அதில் என்னத்தைப் பதிவது? நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய ரெக்கார்டை 45-இல் ஓட்டிப் பதிந்தார்கள், பிறகு பெட்டிக்குள் சுருதியை இறக்கினார்கள். நினைவகம் மிச்சமானது. இறக்கும்போது ஒட்டிக்கொண்ட அந்த மணல் போன்ற கரகரப்புதான் 90களின் நியூயார்க் சத்தம். பீட் ராக் (Pete Rock) என்ற தயாரிப்பாளரின் பீட்களில் கேட்பது அதைத்தான். 2021-இல் ராசம் நிறுவனம் அதை மறுபடி தயாரித்தது, விலை 3,999 டாலர். மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அப்புறம் 404. எம்கே2 வந்ததும் 2021-இல்தான், அமெரிக்காவில் சுமார் 500 டாலருக்கு. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அதனால் முதல் பழக்கத்தைப் பற்றித்தான் பேச முடியும், ஐந்து வருடம் உழைக்குமா என்பதற்கு நான் சாட்சி இல்லை. கையில் எடுத்த முதல் மணி நேரத்திலேயே மனசைக் கவர்ந்துவிடும். ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். போன் சார்ஜர் வகை யூஎஸ்பி-சி கேபிளிலும் ஓடும். எடுத்த சாம்பிள் உள்ளேயே தங்கிவிடும், தனியாக சேவ் செய்யும் கவலை இல்லை. வினைல் சிம் என்றொரு எஃபெக்ட் இருக்கிறது, எந்தச் சுத்தமான ஒலியையும் தூசி படிந்த ரெக்கார்டாக மாற்றிவிடும். இதன் மூதாதையான எஸ்பி-303-ஐத் தூக்கிக்கொண்டு போய் மேட்லிப் என்ற தயாரிப்பாளர் பிரேசிலில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து பீட் செய்த கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைக் கேட்டவர் பாதிப் பேர் 404 வாங்கிவிடுவார்கள், தப்பும் இல்லை.

எனக்கு அதில் இடித்தது வரிசைப்படுத்தும் இடம். சின்ன லூப் போட 404 போதும். அறிமுகம், பல்லவி, நடுவில் டிரம் நின்று திரும்பி வருவது என்று ஒரு முழுப் பாட்டைக் கட்ட எம்பிசிதான் வசதி. ட்ராக்குக்கு ட்ராக் ம்யூட் செய்துகொண்டே போகலாம், திரையும் பெரிது.

இன்னொன்று ஸ்விங், அதாவது இரண்டிரண்டு நோட்டுகளில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாக விழ வைப்பது. எம்பிசியின் இந்த வசதி ராஜர் லின் 1988-இல் எம்பிசி60-ஐ அக்காய்க்காக வடிவமைத்தபோதே வந்தது, 2000எக்ஸ்எல்லிலும் அதே கணக்கு. தாளத்தின் ஒரு அடியை 96 துளிகளாகப் பிரிக்கும். கால் அடி நீளமுள்ள நோட்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் 48 துளி. ஸ்விங் 50 சதவீதம் என்றால் இரண்டாவது நோட்டு 24-ஆவது துளியில் நேராக விழும். 54 என்று வைத்தால் 26-இல் விழும். நிமிடத்துக்கு 90 அடி (90 பிபிஎம்) வேகத்தில் அந்த இரண்டு துளி வெறும் 14 மில்லி விநாடிதான், ஆனால் ஹை-ஹாட் நடக்கிற நடையே மாறிவிடும். 404-லும் ஷஃபிள் என்ற பெயரில் இது உண்டு, ஆகவே இதை ஒரு பெரிய வெற்றியாக நான் சொல்ல மாட்டேன். ஜே டில்லா என்ற தயாரிப்பாளர் இந்தக் கணக்குக்குள் அடங்காமல் அடிகளை வேண்டுமென்றே முன்னும் பின்னும் நகர்த்தினார். அவருடைய எம்பிசி3000 இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். பராமரிப்பு. பழைய மெஷினை வாங்கியவன் பராமரிப்பைக் காரணமாகச் சொல்கிறானே என்று தோன்றும். கேளுங்கள்.

2000எக்ஸ்எல் கெட்டுப்போகும். இதில் சந்தேகமே வேண்டாம். கைமாறி வரும் எந்தப் பெட்டியிலும் பேட் மந்தமாக இருக்கும், பட்டன்களில் சில இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்யும், எண்களை மாற்றும் டேட்டா வீல் என்ற சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினால் எண் 90, 91, 90, 89 என்று தள்ளாடும். திரை மங்கியிருக்கும், அதன் விளக்கில் இருந்து மெல்லிய ஒரு விசில் சத்தம் வேறு. 'எல்லாம் பக்கா கண்டிஷன்' என்று சொல்லி எனக்கு விற்றவரின் பெட்டியில் இதெல்லாமே இருந்தது. விலையைப் பார்த்தே ஓரளவு எதிர்பார்த்திருந்தேன்.

ஆனால் இந்தக் கோளாறுகளில் ஒன்றுகூட மர்மம் இல்லை. எல்லாம் தேய்மானம். பட்டனுக்கு அடியில் இருப்பது நாலு கால் டாக்ட் சுவிட்ச், சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தண்டின் உயரம் மட்டும் ஒத்துப்போக வேண்டும். பழசு ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டினேன். "தம்பி, இது மிக்சிக்கா, டிவிக்கா?" என்றார் கடைக்காரர். "மியூசிக் மெஷினுக்கு அண்ணே" என்றதும் டப்பாவில் இருந்து ஒரு பிடி அள்ளி, ஒவ்வொன்றாகப் பழசின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் கொடுத்தார். அரை மில்லிமீட்டர் கூடினாலும் மேல்மூடி அழுத்திக்கொண்டு பட்டன் எப்போதும் 'ஆன்' ஆகவே நிற்கும் என்பது அவருக்கு மெஷினைப் பார்க்காமலே தெரிந்திருந்தது.

பேட் இன்னும் எளிது. ரப்பருக்கு அடியில் அழுத்தத்தை உணரும் ஒரு மெல்லிய தாள் இருக்கிறது. ரப்பர் தளர்ந்துபோனால் அது தாளைச் சரியாக அழுத்தாது. தாளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் மெதுவாகத் துடைத்து, பேடின் அடியில் இன்சுலேஷன் டேப்பை அளவாக வெட்டி ஓரிரு அடுக்கு ஒட்டினால் விரலால் தொட்டாலே பேசும். கூடுதலாக ஒட்டினால் தட்டாமலே பேசும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பேடுக்கு ஒட்டி, மூடி, தட்டிப் பார்த்து, திறந்து, உரித்து, மறுபடி ஒட்டி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போகும். டேட்டா வீலின் உள்ளே இருப்பது, சுற்றுவதை எண்ணாக மாற்றும் என்கோடர் என்ற பாகம். அதற்கும் திரைக்கும் மாற்றுப் பாகங்கள் எம்பிசிக்கென்றே விற்கும் வெளிநாட்டுக் கடைகளில் இருந்து வர வேண்டும். சுங்க வரி கடுப்பேற்றும், ஆனால் பாகம் கிடைக்கிறது.

ப்ளாப்பி டிரைவ்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. 1.44 எம்பி டிஸ்க், 32 எம்பி வரை ரேம். முழு ரேமையும் சேமிக்க இருபதுக்கு மேல் டிஸ்க் வேண்டும், நடைமுறையில் யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் இதில் எஸ்சிஎஸ்ஐ என்ற பழைய கணினி வகை போர்ட் இருக்கிறது, அதில் மெமரி கார்டு ரீடரை மாட்டலாம். ப்ளாப்பி இருந்த இடத்திலேயே பென் டிரைவ் சொருகும் எமுலேட்டரைப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். இந்த மாற்றத்தைச் செய்யாமல் இந்த மெஷினை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

இதே இடத்தில் 404-ஐ வைத்துப் பாருங்கள். புதுசு, வாரன்டி உண்டு, சில வருடங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே எல்லாம் பொடிப்பொடியான பாகங்கள், தெருவோர சால்டரிங் அயர்னுக்கு அடங்குபவை அல்ல. வாரன்டி முடிந்தபின் போர்டு போனால் சர்வீஸ் சென்டரை நம்பித்தான் இருக்க வேண்டும். எனக்கு முன்பு இருந்த வேறொரு கீபோர்டுக்கு நடந்தது இதுதான். ஒரு சின்னக் கோளாறு, மொத்த போர்டையும் மாற்றச் சொன்னார்கள், விலை கேட்டதும் மூடி வைத்தேன். எம்பிசி அடிக்கடி கெடும், ஆனால் ஒவ்வொரு முறையும் நானே எழுப்பிவிடலாம். அதிலும் கடல் காற்று அடிக்கும் சென்னையில் எந்த சுவிட்சும் துருப்பிடிக்காமல் இருக்காது என்பதால் எனக்கு இந்தக் கணக்கு சரியாக வந்தது. திருச்சியிலோ கோவையிலோ இருப்பவருக்கு இவ்வளவு தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன்.

404 பக்கம் உண்மையாகவே பலமான வாதம் கரண்ட். 2000எக்ஸ்எல்லில் கரண்ட் போனால் ரேமில் இருந்ததெல்லாம் போச்சு. மே மாத ராத்திரியில் ஃபேன் நின்ற அடுத்த நொடி, நல்லா வந்த ஒரு ஸ்நேர் டிரம் பாட்டர்னும் சேர்ந்து நிற்கும். யூபிஎஸ் கட்டாயம். அமெரிக்காவில் இருந்து யாராவது கொண்டுவந்த பெட்டி என்றால் பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருக்கும், நம் 230-இல் நேராகச் சொருகினால் யூபிஎஸ்ஸும் காப்பாற்றாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தனியாக வாங்க வேண்டும். ஆக மேஜையில் மூன்று பெட்டி. 404 வைத்திருப்பவர் அந்த நேரத்தில் மொட்டை மாடியில் பேட்டரியில் பீட் போட்டுக்கொண்டிருப்பார்.

விற்றால் என்ன கிடைக்கும் என்றும் பலர் கேட்கிறார்கள். 404 இன்னும் தயாரிப்பில் இருப்பதால் பழசுக்கு விலை இறங்கித்தான் தீரும். 2000எக்ஸ்எல் இனி வராது, பேடும் திரையும் நல்ல நிலையில் இருந்தால் வாங்கிய விலை கிட்டத்தட்ட நிற்கும் என்பது என் கணிப்பு. நம் ஊரில் அதைத் தேடி வருபவர்கள் குறைவு, அவசரத்துக்கு விற்க நினைத்தால் காத்திருக்க வேண்டியிருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் நேரில் பார்க்கும்போது 'ஃபுல் லெவல்' பட்டன் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் எவ்வளவு மந்தமான பேடும் முழுச் சத்தத்தில்தான் ஒலிக்கும், கோளாறு தெரியாது. அதை அணைத்துவிட்டுப் பதினாறு பேடையும் ஒரே அளவில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு ரேம் எவ்வளவு என்று கேளுங்கள். கம்பெனி போட்டுத் தந்த 2 எம்பிதான் என்றால் மோனோவில் 22 வினாடி கூடப் பதிய முடியாது. 32 எம்பி இருந்தால் ஆறு நிமிடம். அதற்கான 72 கால் ரேம் பழைய பென்டியம் கணினிகளில் இருந்த அதே சரக்குதான், விற்பவரிடம் இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.