ஜப்பான் ஸ்லைட் சோ வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்லைடிங் மைட்டர் சோ (பலகையைக் குறுக்கே வெட்டுகிற, வட்டப் பிளேட் பூட்டிய கரண்ட் மெசின்) ஒன்று வாங்க யோசிக்கிறவர்கள், அதுவும் ஜப்பான் ரீகண்டிஷன் என்று சொல்லி விற்பதை வாங்க யோசிக்கிறவர்கள், காசை எண்ணிக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு ஒன்று போயிருக்கிறது, அது முடியும்வரை எழுதப் போவதும் இல்லை. மட்டக்களப்பு - கல்முனை வீதியில் ஒரு கடை, அவ்வளவுதான். பெயரை விட அவர்கள் செய்கிற வேலையைத் தெரிந்து வைத்திருப்பதுதான் முக்கியம், இதே வேலையை நாளைக்கு வேறொருவரும் செய்யலாம்.

கல்லடியில் வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் வைத்திருக்கிறேன். தொழிலாக இல்லை, குசினிக்கு இறாக்கை, பிள்ளைகளுக்கு மேசை, அப்படி வீட்டு வேலைதான். கையில் இருந்தது 10, 11 அங்குல அகலத் தேக்குப் பலகை. சாதாரண 10 அங்குல மைட்டர் சோ ஒரே வெட்டில் ஐந்தரை, ஆறு அங்குலம்தான் போகும், அதற்கு மேல் பலகையைப் புரட்டிப் போட்டு வெட்ட வேண்டும், புரட்டினால் இரண்டு வெட்டும் ஒரு நாளும் ஒழுங்காகச் சேராது. மோட்டரும் பிளேட்டும் இருக்கிற தலை முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைட் சோ என்றால் பிளேட் எட்டரை அங்குலமாக இருந்தாலும் 12 அங்குலப் பலகை வரை வெட்டும். புதிது வாங்கலாம் என்று பார்த்தால், 2022 இல் டொலர் 200 இல் இருந்து 360 க்குத் தாவிய பிறகு இந்தச் சாமான்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்த ஜப்பான் பழைய மெசின் வியாபாரம் இப்படி ஓடுகிறது.

கடைக்காரர் நல்ல வாய்க்காரர். “தம்பி, இது ஜப்பான்ல வீட்டு வேலைக்கு வெச்சிருந்த மெசின், 2000 வாட், முதிரையே நிக்காது இதுக்கு முன்னால” என்றார். மெசினில் பெயின்ட் புதிது. பக்கவாட்டில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், 230 வோல்ட், 2000 வாட் என்று. வயரின் நுனியில் நாங்கள் எல்லாரும் வீட்டில் பாவிக்கிற 13 அம்பியர் பிளக். அதோடு ஒரு சின்ன இரும்புப் பெட்டியையும் எடுத்து வைத்தார். “இது ஸ்டெபிலைசர் தம்பி. நம்மட கரண்ட் கூடிக் குறையும்தானே, மெசினுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும், சும்மா தாறன்.” எவ்வளவு நல்ல மனம் பாருங்கள். விலை 75,000.

வெட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு அங்குல அகலமான ஒரு பெலட் துண்டை வைத்து, தலையைத் தன் பக்கம் இழுத்து இழுத்து வெட்டிக் காட்டினார். பிளேட்டை மூடுகிற கீழ்க் கவசம் மேலே தூக்கி மெல்லிய கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, “அது இடைஞ்சல் தம்பி, எல்லா ஓடாவிமாரும் கழட்டிப்போட்டுத்தான் வேலை செய்றாங்க” என்றார். எல்லா ஓடாவிமாரும் அப்படிச் செய்வதில்லை. செய்கிற சிலருடைய கைவிரல்களைப் போய்ப் பாருங்கள்.

வீட்டில் அந்தப் பெட்டியின் ஊடாகக் கொடுத்தால் மெசின் ஓடும், பெலட் பலகையை வெட்டும். தேக்கை வைத்தால் பாதி வழியில் முக்கி முக்கி நிற்கும், பெட்டி கை வைக்க முடியாமல் சுடும். 2000 வாட் மெசின் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு நாள் மச்சான் வந்து, பெட்டி பெரிய சூடாக இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, மெசினை நேரே சுவர்ப் பிளக்கில் செருகினார். ஸ்டெபிலைசர்தானே, கரண்ட் இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். ஸ்டிக்கரில் 230 என்றுதான் போட்டிருக்கிறது, பிளக்கும் வீட்டுப் பிளக், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

சுவிட்சை அமத்தியதும் மெசின் வீரிட்ட சத்தம் முன் வீதிக்குக் கேட்டிருக்கும். மோட்டருக்குள் கரண்டைக் கொடுக்கிற கரித் துண்டு, அதுதான் காபன், அந்தப் பக்கத்துத் துவாரங்களால் நீல நெருப்பு, அடுத்த நிமிடமே எரிந்த வார்னிஷ் மணம், பிறகு புகை. மச்சான் கையை எடுத்துவிட்டுப் பின்னால் பாய்ந்தார். பிளேட் உடனே நிற்கவில்லை, கம்பியால் கட்டிய கவசம் மேலே இருக்க, திறந்தபடி சுற்றிக்கொண்டே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது கடவுள் கிருபை, கடைக்காரரின் கிருபை இல்லை.

மெசினையும் பெட்டியையும் தெரிந்த மோட்டர் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை, ஸ்டிக்கரின் ஓரத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் பூசி நகத்தால் கிளப்பி உரித்தார். உள்ளே கம்பனியின் சொந்தப் பெயர்ப்பலகை, ஜப்பான் எழுத்துகளுக்கு நடுவில் தெளிவாக 100V, கீழே 1050W. அவருக்கு அது புதினமே இல்லை.

விசயம் இதுதான். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். கிழக்குப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60 ஹேர்ட்ஸ், காபன் வைத்த மோட்டருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. வோல்ட்தான் பிரச்சினை. எங்கள் 230 ஐ 100 வோல்ட் மோட்டருக்கு நேரே கொடுத்தால் வைண்டிங்கில் ஏறுகிற சுமை இரண்டு மடங்கு என்று நினைக்கக் கூடாது, வோல்ட்டின் வர்க்கம் என்பதால் கணக்கு 5 மடங்குக்கு மேலே போகும். மோட்டர் எரிவது ஒரு பக்கம் இருக்கட்டும். சுமையில்லாமல் ஓடும்போது வேகமும் தாறுமாறாக ஏறுகிறது. பிளேட் ஒவ்வொன்றிலும் அது தாங்கக்கூடிய ஆகக் கூடிய வேகம் பொறிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டினால் கார்பைட் பல் கழன்று பறக்கலாம், எந்தத் திசையில் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜப்பான் பிளக் இரண்டு தட்டை முனை உள்ளது, எங்கள் சுவரில் நேரே ஏறாது. அது ஒரு பாதுகாப்பு. அந்த ஒரே பாதுகாப்பையும் வெட்டி எறிந்துவிட்டு 13 அம்பியர் பிளக்கைப் பூட்டி, பெயர்ப்பலகைக்கு மேல் பொய் ஸ்டிக்கர் ஒட்டி, 230 ஐ 100 ஆக இறக்குகிற ட்ரான்ஸ்போமருக்கு ஸ்டெபிலைசர் என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். பழைய சாமானைப் புதிது என்று விற்பது களவு என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டியின் கதை தனி. வெளியில் 2000 வாட் என்று எழுதியிருந்தது. அண்ணன் மூடியைத் திறந்து, கம்பியைக் கத்தி நுனியால் சுரண்டினார். செம்பு நிறத் தோலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று அலுமினியம். “இது 500 வாட் தாங்கினாலே பெரிய விசயம் தம்பி” என்றார். உண்மையான 2000 வாட் செம்பு ட்ரான்ஸ்போமர் என்றால் தூக்கும்போதே பாரம் தெரியும். இது பிள்ளைகள் தூக்கி விளையாடுகிற பாரம். தேக்கில் மெசின் முக்கியதும் இதனால்தான், வேலை கூடக் கூட வோல்ட் விழுந்துவிடுகிறது. இன்னொன்று, இந்த மலிவுப் பெட்டிகள் பல ஒற்றைச் சுற்று ட்ரான்ஸ்போமர்கள், உள்வரும் 230 ஐயும் வெளியே போகும் 100 ஐயும் பிரித்து வைப்பதில்லை, பிழை வந்தால் மெசின் பக்கம் 230 வரும்.

பிளேட்டைக் கழற்றினால் இன்னொரு கூத்து. ஜப்பான் எட்டரை அங்குல மெசினின் அச்சு 25.4 மில்லிமீற்றர். பூட்டியிருந்தது 30 மில்லிமீற்றர் துளை உள்ள பிளேட், இடைவெளியை நிரப்ப யாரோ தகரத்தை வளைத்து ஒரு வளையம் செய்து போட்டிருக்கிறார்கள். பிளேட் ஆடாமல் என்ன செய்யும். அதுவும் 24 பல்லு, நீளவாக்கில் பலகை கிழிக்கிற பிளேட், பல் முன்பக்கம் நன்றாகச் சாய்ந்தது. ஸ்லைட் சோவுக்கு அந்தப் பல் கூடாது, மரத்தைக் கவ்விக்கொண்டு தலை உங்களை நோக்கி ஓடி வரும். பல்லின் சாய்வு பூச்சியத்துக்குக் கிட்ட, அல்லது பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்த 60, 80 பல்லுப் பிளேட்தான் குறுக்கு வெட்டுக்கு வேண்டும். அதனால்தான் கடைக்காரர் இழுத்து வெட்டிக் காட்டியதும் பிழை. தலையை முதலில் முழுதாக உங்கள் பக்கம் கொண்டுவந்து, மெசினை ஓடவிட்டு, கீழே இறக்கி, பிறகு வேலியை, அதாவது பலகையைச் சாத்தி வைக்கிற பின்பக்கத் தடுப்பை, நோக்கித் தள்ளிக்கொண்டு வெட்ட வேண்டும். இழுத்து வெட்டிப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தயவு செய்து விட்டுவிடுங்கள்.

தலை ஓடுகிற தண்டவாளத்தைச் சொல்ல மறக்கக் கூடாது, ஸ்லைட் சோவுக்கு நாங்கள் கூடக் கொடுக்கிற காசு முழுவதும் அந்த இரண்டு குழாய்க்கும் அதற்குள் இருக்கிற பெயரிங்குக்கும்தான். தலையை முழுதாக முன்னுக்கு இழுத்து வைத்து, பிடியைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். என்னுடையதில் டக் டக் என்று சத்தமே கேட்டது. தடிப்பாகப் பூசியிருந்த கிறீசைத் துடைத்தால் குழாயில் துருப் பிடித்த குழிகள். இரண்டு அங்குலத் துண்டை வெட்டும்போது இது தெரியவே தெரியாது, தலை ஓட வேண்டிய தேவையே அங்கே இல்லை. அதனால் கடைக்குப் போகும்போது நீங்களே 10 அங்குலப் பலகை ஒன்றைக் கொண்டுபோங்கள். குறுக்கே வெட்டச் சொல்லுங்கள், ஒரு பாதியைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் ஒரே நேர் விளிம்பில் சாத்தி வெட்டு முகங்களைச் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால், மெசினில் இருக்கிற பிழை அதில் இரண்டு மடங்காகத் தெரிகிறது என்று அர்த்தம். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதை விட இது நல்லது. கோணம் மட்டும் பிழை என்றால் வேலியைத் திருத்தலாம், ஒவ்வொரு வெட்டுக்கும் பிழை மாறினால் அது தண்டவாளம், அதைத் திருத்தக் காசு கொட்ட வேண்டும்.

திரும்பக் கடைக்குப் போனேன். கதை அப்படியே மாறிவிட்டது. “நான் ட்ரான்ஸ்போமர் தந்தேன்தானே, அதில்லாம ஏன் போட்டீங்க?” அன்றைக்கு ஸ்டெபிலைசர், இன்றைக்கு ட்ரான்ஸ்போமர். உரித்த ஸ்டிக்கரைக் காட்டினால், அது வந்தபடியே இருந்ததாம். தமிழிலும் இங்கிலிசிலும் வோல்ட் எழுதிய ஸ்டிக்கர் ஜப்பானிலேயே ஒட்டி வருகிறதாம், கேளுங்கள். பில்லில் “மெசின் 1” என்று மட்டும் எழுதியிருக்கிறது, அதைக் காட்டி வாரண்டி இல்லை என்றார். கடைசியில், அதே தட்டில் இருந்த இன்னொரு மெசினை எடுத்துத் தருகிறேன் என்றார். அதிலும் அதே ஸ்டிக்கர்.

முறைப்பாடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, எழுத்தில். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகவே கடைக்காரர் “அடுத்த கிழமை வாங்க தம்பி” என்று இழுத்தடிக்க விடாதீர்கள். அதே சட்டப்படி நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். கேட்கும்போது வெறும் “மெசின்” என்று எழுதவிடாமல் மொடல் இலக்கம், தொடர் இலக்கம், வோல்ட், வாட் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். உரித்த ஸ்டிக்கர், பெயர்ப்பலகை, திறந்த பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துத்தான் நான் முறைப்பாட்டோடு சேர்த்தேன்.

ஜப்பான் மெசினே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 100 வோல்ட் என்று நேர்மையாகச் சொல்லி, ஜப்பான் பிளக்கோடு, சரியான பாரமுள்ள செம்பு ட்ரான்ஸ்போமரோடு தருகிற கடைகளும் இருக்கின்றன, ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த ஓடாவியார் ஒருவர் அப்படி வாங்கிய மெசினில்தான் வருடக்கணக்காக நிலை, கதவு செய்கிறார். என் தேக்குப் பலகையையும் கடைசியில் அவர்தான் வெட்டித் தந்தார். ஆனால் உங்கள் வேலை பீடிங், சட்டம், ஆறு அங்குலத்துக்கு உட்பட்ட பலகை மட்டும் என்றால் ஸ்லைட் உங்களுக்குத் தேவையே இல்லை, அதே காசுக்கு வாரண்டியோடு சாதாரண மைட்டர் சோ புதிதாகவே கிடைக்கும், ஆட்டம் காண்பதற்கு அதில் தண்டவாளமும் இல்லை.

ஏற்கனவே இப்படி ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். கீழே 100 என்று இருந்தால் அந்த 13 அம்பியர் பிளக்கை இன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டு, மெசினின் மேல் பெரிதாக 100 வோல்ட் என்று பெயின்டால் எழுதி வையுங்கள். வீட்டில் மெசின் பாவிக்கிற எல்லாரிடமும் சொல்லுங்கள், முக்கியமாக மச்சான்மாரிடம்.